மேடம் சொன்னா சரி

"பயப்படாம கையை உள்ள விடுங்க சார். ஒண்ணும் ஆகாது" என்றது போனில் பெண் குரல்.

விற்பனை அதிகாரி தரையில் குப்புறப் படுத்து, புத்தக அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்தார். மேலே கோட்டு, டை. கீழே அரைக்கால் சட்டை. கேமராவில் இடுப்புக்குக் கீழே தெரியாது என்கிற தைரியம்தான்.

பதினொரு மணிக்கு ஆன்லைன் மீட்டிங். பொது மேலாளர் பதவிக்கு மூன்று பேர் போட்டி. ஆளுக்குப் பத்து நிமிடம் முதலாளி முன்னால் பேச வேண்டும். பத்து வருடமாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி அது. பத்தே காலுக்கு வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு போய்ச் சிவப்பு வந்தது. செல்போனிலோ சிக்னல் ஒரே ஒரு கோடு. பேசலாம், படம் வராது.

முதலில் மனைவிக்குப் போன் செய்து கத்தலாம் என்றுதான் பார்த்தார். வீட்டில் எது கெட்டாலும் அவருக்குத் தெரிந்த முதலுதவி அது ஒன்றுதான். ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமாகிறது, ஆபீஸ் நேரத்தில் செல்போனை எடுக்க மாட்டாள். எந்த ஆபீஸ் என்று சொன்னாள்தான். அப்போது அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் நெட் கம்பெனியில் புகார் பதிந்தார். இரண்டே நிமிடத்தில் இந்த மேடம் கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கிற குரல். பின்னால் நூறு பேர் பேசும் இரைச்சல்.

"பிளக் கிடைச்சுதா சார்? பிடுங்கிட்டு முப்பது எண்ணுங்க."

எண்ணினார். இருபத்தெட்டில் சந்தேகம் வந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். பிளக்கைச் செருகியதும் அதே சிவப்பு.

"பெட்டி மேல ஏதாவது பாரம் இருக்கா சார்?"

"கொஞ்சம் பழைய பேப்பர் மேடம். ஒரு ஆறு மாசத்துது."

"சூடு வெளியேற வழி வேணும் சார். எல்லாத்தையும் கட்டி வாசல் பக்கம் வெச்சிடுங்க."

இதே பேப்பரை எடுக்கச் சொல்லி மனைவி கெஞ்சியபோது, "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று பாய்ந்தவர், இப்போது சணல் தேடி எடுத்து இரட்டை முடிச்சுப் போட்டார். மேடம் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

"அப்படியே சோபாவுல கிடக்கிற ஈரத் துண்டையும், ஜன்னல்ல இருக்கிற மூணு டீ கப்பையும் எடுத்துடுங்க சார்."

அதிகாரி திகைத்தார். "அது எப்படி மேடம் உங்களுக்குத் தெரியும்?"

"சிக்னல் எங்க தடைபடுதுன்னு எங்க திரையில காட்டும் சார்."

விஞ்ஞானம் எங்கே போய்விட்டது என்று அவருக்கு மெய்சிலிர்த்தது. அரைக்கால் சட்டையைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, துண்டைக் கொடியில் போட்டார், கப்புகளைக் கழுவிக் கவிழ்த்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அந்தக் குழாய்க்கும் அவருக்கும் அன்றுதான் நேருக்கு நேர் அறிமுகம்.

வந்து பார்த்தார். சிவப்பு. மணி பத்து நாற்பத்தைந்து.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் என்னைக் காப்பாத்துங்க. பத்து வருஷக் கனவு மேடம்!" நிஜமாகவே குரல் உடைந்துவிட்டது.

"பதறாதீங்க சார். அந்த அலமாரியை இன்னிக்கு யாராவது நகர்த்தினாங்களா?" என்றார் மேடம்.

"என் மிஸஸ்தான் மேடம். எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பா."

கேமராவில் பின்னணி எடுப்பாக இருக்கட்டும் என்று பத்து மணி வாக்கில் அலமாரியைச் சுவர்ப் பக்கம் தள்ளியது அவரேதான். ஆனால் முன்பின் தெரியாத பெண்ணிடம் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

"அப்படிங்களா சார்?" என்றார் மேடம். "சரி, இப்ப நீங்க அதை ஒரு அடி முன்னாடி இழுங்க."

மூச்சைப் பிடித்து இழுத்தார். சுவரோரம் போன நெட் கேபிளை அலமாரியின் கால் நசுக்கி வைத்திருந்தது. இழுத்ததும் அது விடுபட்டு நிமிர்ந்தது. பெட்டி இரண்டு முறை கண் சிமிட்டியது. பச்சை!

மணி பத்து ஐம்பத்து நான்கு. அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை மேடம். என்ன பொறுமை, என்ன தன்மை! எங்க வீட்லயும் இப்படி எடுத்துச் சொன்னா நான் கேட்க மாட்டேன்னா சொல்றேன்? உங்க வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர் மேடம்!"

இப்போது அந்தக் குரலில் இஸ்திரி இல்லை.

"என்னங்க, மத்தியானம் சாப்பிட்டதும் தட்டைக் கழுவி வெச்சிடுங்க, நான் வீட்டுக்கு வர ஏழு மணியாகும்."