சங்கு ஊதிய பிறகு

ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தின் கடைசி நிமிடம். தம்பி ஹேமிஷின் வாயில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, தூறலில் எல்லைக்கோட்டுக்கு ஓடுகிறான் அணிக்குத் தண்ணீர் கொடுக்கும் டேமியன். முன்கள வீரனான ஹேமிஷ் எகிறிப் பந்தைப் பிடிக்கிறான். யாருடைய முழங்காலோ அவன் காதோரம் இடிக்கிறது. ஆட்ட முடிவுச் சங்கு ஊதுகிறது. சங்குக்கு முன் பந்தைப் பிடித்தவனுக்கு இன்னும் ஓர் உதை உண்டு; அது கோலானால் வெற்றி. தலையில் மறுபடி அடிபட்டால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். “ஒண்ணுமில்லண்ணே, நீ போ,” என்று, ஓடி வந்த டேமியனிடம் சொல்லி எழுந்தவன், தன் அணி காக்கும் கம்பங்களையே குறிபார்த்து நிற்கிறான். அரங்கம் சிரிக்கிறது. ஆட்டம் முழுக்க ‘கிழவா’ என்று அவனைச் சீண்டிய எதிரணித் தடுப்பாளன் மட்டும் நெருங்கி, “கிழவா, உன் கோல் அந்தப் பக்கம்டா,” என்கிறான் தணிந்த குரலில். மருத்துவர் ஓடி வருகிறார். டேமியன் பந்துக்குக் கைநீட்டுகிறான். “நான்தானே பிடிச்சேன்? சொல்லுண்ணே!” பந்தைப் பற்றிய ஹேமிஷின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பலகையில் அவர்கள் அணி இன்னும் ஒரு புள்ளி பின்தங்கியே இருக்கிறது.