கட்டிப்போட்ட கை

"நல்லா இருக்கற கையை எதுக்குடி கட்டி வெச்சிருக்கே?"

அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கத்தினாள்.

கத்தாமல் என்ன செய்வாள்? ஏணியிலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, வலது கை விளங்காமல் போன தம்பியைப் பார்க்க எட்டு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் அவனுடைய இடது கையைக் கனத்த துணி உறைக்குள் போட்டு, மணிக்கட்டில் நாடாவால் இறுக்கிக் கட்டியிருக்கிறது!

விளங்காத வலது கையில் ஸ்பூன். அது வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் பாதி சட்டையில், மீதி தரையில். எதிரே தம்பியின் மனைவி கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"வாங்க அண்ணி. ஆஸ்பத்திரியில சொன்னதுதான். தினம் ஆறு மணி நேரம், மூணு வாரத்துக்குக் கட்டணும்."

"எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

"அடிபட்ட இடம் இனிமே வேலை செய்யாதாம் அண்ணி. மூளையில பக்கத்துல இருக்கற இடம் அந்த வேலையைக் கத்துக்குமாம். ஆனா நல்ல கையே எல்லாத்தையும் செஞ்சிட்டா, மூளை இந்தக் கையை அப்படியே கைகழுவிடுமாம். ஆரம்பிச்சப்போ ஸ்பூனே பிடிக்க முடியல. இப்பப் பிடிக்கிறார். நாளைக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிச்சாத்தானே மறுபடி எலெக்ட்ரீசியன் வேலைக்குப் போக முடியும்?"

அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. மூளையாவது, பக்கத்து இடமாவது! மனுஷனைப் பாடாய்ப் படுத்துவதற்கு ஒரு சாக்கு.

அந்த நேரம் பார்த்து ஸ்பூன் நழுவி விழுந்தது. தம்பி குனிந்தான். விரல் தரையைத் தடவியது, ஸ்பூன் ஓடியது, மறுபடி தடவியது.

எடுத்துக் கொடுக்க அக்கா பாய்ந்தாள்.

"வேண்டாம் அண்ணி. அவரே எடுப்பார்."

அடிப்பாவி! இவள் நெஞ்சில் என்ன கல்லா இருக்கிறது?

நான்கைந்து நிமிஷம் தடவி, ஒருவழியாக எடுத்தான். நெற்றியெல்லாம் வேர்வை. "கழுவிட்டு வரேன்" என்று ஸ்பூனை வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

அக்கா அதற்குத்தான் காத்திருந்தாள். பையை வீசிவிட்டு, நாடாவை அவிழ்த்து, உறையை உருவி எறிந்தாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் ராஜா, வாயைத் திற. நான் இருக்கேன்."

"அக்...கா..."

அடிபட்டதிலிருந்து பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வருகிறது. அவன் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் ஒரு கவளம் வாய்க்குள் போய்விட்டது. விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இன்னொரு கவளம்.

"பேசாதே, சாப்பிடு. பட்டினி போட்டே கொன்னுடுவா போல இருக்கே!"

தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டான், இடது கையால். சட்டையில் சிந்தியதைத் தட்டிவிட்டான், அதுவும் இடது கையால்தான். வலது கை மடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பாத்தியா? அவுத்து விட்டதும் எவ்வளவு சுலபமா இருக்கு!" அக்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

கழுவிய ஸ்பூனோடு வந்த மனைவி, தரையில் கிடந்த உறையைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"என்ன முறைக்கிறே? நாளைக்கே இவனை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கே இவன் ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம். காலம் பூரா நானே ஊட்டி விடறேன்!"

தம்பி மேஜையை ஓங்கி அறைந்தான். கிண்ணம் துள்ளியது.

"காலம்... பூராவா?"

"டேய், நான் உன் நல்லதுக்கு..."

"இரு. நான்... முடிக்கல."

அக்கா முதல்முறையாக வாயை மூடினாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். மனைவி அவசரப்படுத்தவில்லை, அவனுக்காக எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"எனக்கு முப்பத்தெட்டு... வயசு. எல்லாரும்... ஊட்டத்தான் வராங்க. இந்தக் கை வரும்னு... இவ ஒருத்திதான்... நம்பறா."

குனிந்து உறையை எடுத்தான். இடது கையை அதற்குள் நுழைத்து, மனைவியிடம் நீட்டாமல் அக்காவிடம் நீட்டினான்.

"நீ... கட்டு."

"நானா? எனக்கு மனசு வராதுடா!"

"கட்டிட்டு... எதிர்ல உக்காரு. எனக்குச் சாப்பிட... ரெண்டு மணி நேரம் ஆகும். பதினஞ்சு நாளா... நான் முடிக்கற வரைக்கும்... இவ பச்சத்தண்ணிகூடக் குடிக்கறதில்லை. இன்னிக்காவது... நேரத்தோட சாப்பிடட்டும்."