காக்கா படித்த நாற்பது புத்தகம்

கிட்ட வந்து உட்காருங்க, சத்தமாச் சொன்னா படிச்சவங்க கோவிச்சுக்குவாங்க.

ஒரு காக்கா கல்லூரியில் பட்டத்துக்குக் கட்டுரை எழுதியது. படித்த புத்தகங்கள் என்று கடைசியில் நாற்பது பெயராவது இல்லாவிட்டால் பட்டம் கிடையாது என்று ஆந்தை வாத்தியார் சொல்லிவிட்டார். காக்கா நூலகத்துக்குப் போய், அலமாரியைத் திறக்காமலே, கண்ணாடி வழியாகத் தெரிந்த பெயர்களை எல்லாம் எழுதிக்கொண்டது.

அலமாரிக்குள் இருந்த கரையான் கேட்டது: "ஏன் தம்பி, அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தையும் படிச்சிட்டியா?"

"வரி விடாமப் படிச்சேன் அக்கா. அதுல இருநூறாம் பக்கம் இருக்கே, பிரமாதம்!"

"போன மழைக்காலத்துலயே அதை நாங்க தின்னு முடிச்சிட்டோமே! வெறும் அட்டைதான் நிக்குது. வாத்தியார் எடுத்துப் பார்த்தா உன் பட்டம் போச்சு."

காக்கா அசரவில்லை. அந்தப் பெயரை அடித்துவிட்டு, பக்கத்திலேயே "நேர்காணல்: முனைவர் கரையான்" என்று எழுதிக்கொண்டது.