லில்லிபாயின் பக்கத்தில்

மனைவி லில்லிபாயை அடக்கம் செய்தபோதே ஞானாதிக்கம் பக்கத்து இடத்தைத் தனக்கென்று வாங்கி, பெயரும் பிறந்த வருடமும் வெட்டிய கல்லை நட்டுவிட்டார். இறக்கும் வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். இந்த வருடம் சர்ச் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து ஒரு வடநாட்டுக்காரன் செத்துப்போனான். கூட்டிவந்த மேஸ்திரி ஓடிவிட்டான். செத்தவனின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று போதகர் கையைப் பிசைந்தபோது, "எம் எடத்துல வச்சிருங்க" என்று ஞானாதிக்கத்தின் வாய் சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் போய் அந்தப் புது மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். லில்லிபாய் அந்நிய ஆள் எதிரில் உட்காரக்கூட மாட்டாள்.

"அம்மா பக்கத்துல யாரையோ படுக்க வச்சிட்டீங்களேப்பா, நாளைக்கு உங்கள எங்க வைக்க?" என்று மகள் பியூலா போனில் அழுதாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், கல்வெட்டுகிற ஆசாரியை அவரே வரச் சொன்னார்.

"பேர அழிச்சிரட்டுமா அண்ணாச்சி? உள்ள கெடக்கது நீங்க இல்லல்லா."

அதற்குத்தான் வரச் சொல்லியிருந்தார். ஆனால் கல்லில் விரலை வைத்ததும் மனம் வரவில்லை.

"அவனுக்குத்தான் பேரே இல்லையே. இது இருந்துட்டுப் போகட்டும். வருசத்த மட்டும் வெட்டிருங்க."

"எந்த வருசம்?"

"இந்த வருசந்தான்" என்றவர், முதல் உளிச் சத்தத்துக்கே இரண்டடி பின்னால் நகர்ந்தார்.