ஆணியில் தொங்கிய கோப்பை

"அந்த எனாமல் கோப்பையையும் கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டார் டொக்டர் மகேந்திரராஜா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

கண்ணாடி அலுமாரிக்குள் விட்ட கையைச் சத்தியபாமா வெளியே இழுத்தாள். "இஞ்சருங்கோ, அவ வந்திருக்கேக்குள்ள அந்தக் கதையை எடுத்தியளோ, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"நான் ஏன் எடுக்கிறன்? அவ எடுக்காட்டிச் சரி."

அதுதான் அவளுக்கும் பயம். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை.

மெல்பேணில் இந்தக் கிளென் வேவர்லிக்கு வருமுன் நாலு வருடம் அவர்கள் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் இருந்தார்கள். ஒரே தெரு, ஒரே ஆஸ்பத்திரி, அதற்கு ஒரே டொக்டர் மகேந்திரராஜா. அடுத்த வீட்டில் கிளாரிஸ். கைக்குழந்தையோடு திக்குத் தெரியாமல் நின்ற சத்தியபாமாவுக்குத் துணி துவைக்கவும் பிள்ளையைத் தூக்கவும் கேளாமலே வந்து நின்றவள். அந்தக் கிளாரிசின் புருஷன் மீன் பிடிக்கிறவன் என்று தெரிந்த அன்றே சத்தியபாமா கடைக்குப் போய் ஒரு வெள்ளை எனாமல் கோப்பை வாங்கி, குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாள். கிளாரிசுக்குத் தேத்தண்ணி அதில்தான். ஏழு கடல் தாண்டினாலும் ஊர்ப் புத்தி பெட்டிக்குள் மடித்து வைத்த சேலை மாதிரிக் கூடவே வந்துவிடுகிறது.

மெல்பேணுக்கு வந்த முதல் கிழமை, குழாய் திருத்த ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அவன் ஆர், எவர், காலையில் என்ன தின்றான் என்று ஒன்றும் யோசிக்காமல் தங்க விளிம்பு வைத்த கோப்பையில் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவன் போனபிறகு அதைக் கழுவும்போதுதான் கிளாரிசின் முகம் கண்ணுக்குள் வந்தது. அன்றைக்குப் பிடித்த வெட்கம், ஐந்து வருடமாகி ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழும் பிறந்துவிட்டது, இன்னும் விட்டபாடில்லை.

இப்போது கிளாரிசின் மகள் மெல்பேணில் நேர்ஸ். மகளைப் பார்க்க வந்தவள், உங்களையும் பார்க்க வேண்டும் என்று ரெலிபோனில் கேட்டிருந்தாள். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

மணி அடித்தது. ஞாயிற்றுப் பூசைக்குப் போகிறவள் போலத் தொப்பி வைத்துக்கொண்டு கிளாரிஸ் வந்தாள். நன்றாக நரைத்துவிட்டாள். கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டுக் கதிரை நுனியில் உட்கார்ந்தாள். அவள் பேசுவது இங்கிலிஸ்தான். ஆனால் சத்தியபாமாவின் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

"சங்கு ஊதினது ஞாபகமிருக்கோ, மிஸஸ் டொக்டர்? மீன் வள்ளம் கரைக்கு வந்திட்டுதெண்டு ஊதுவினம். நீங்கள் முதல் நாள் அதைக் கேட்டிட்டு, ஆரோ செத்துப்போச்சினம் எண்டு அழத் தொடங்கிட்டியள்."

டொக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கட ஊரில செத்த வீட்டுக்குத்தானே ஊதுறது."

"ஈரப்பலாக்காயைக் கண்டிட்டு அதுக்கும் அழுதனீங்கள்."

"அது எங்கட ஊர்க் காயைக் கண்ட சந்தோசத்தில," என்றாள் சத்தியபாமா. சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

வியாழக்கிழமைக் கடிதக் கப்பல், மழைத் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் விழுந்த ஆட்டுக்குட்டி என்று கதை நீண்டது. பேச்சு குசினிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சத்தியபாமா அதை வேறு கதைக்கு இழுத்தாள். கிளாரிசும் அந்த இடம் வந்தால் சட்டென்று நிறுத்திக் கைலேஞ்சியைக் கசக்கினாள். எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள், சொல்லக் கூசுகிறாள் என்று சத்தியபாமாவுக்கு நிச்சயமாகிவிட்டது.

தங்க விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. கிளாரிஸ் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே தவிரக் குடிக்கவில்லை. டொக்டருக்கு விளங்கிவிட்டது. புல்லு வெட்ட வேண்டும் என்று எழும்பிப் போனார்.

"கிளாரிஸ்," என்றாள் சத்தியபாமா. "உங்களுக்கு ஏன் அந்த எனாமல் கோப்பையில தந்தனான் தெரியுமோ? நீங்கள் மீன்காரர். எங்கட ஊரில மீன் பிடிக்கிற ஆக்களுக்கு வேற கோப்பையிலதான் குடுக்கிறது. என்ர பிள்ளையை வளத்துத் தந்த உங்களுக்கு நான் அதைச் செய்தனான். என்னை மன்னிக்கோணும்."

கிளாரிஸ் நிமிரவில்லை. "நான் நினைச்சன், எனக்கெண்டு ஆசையா வாங்கி வச்சனீங்கள் எண்டு."

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தியபாமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்த நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தது. வெளியே புல் வெட்டும் இயந்திரம் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"மிஸஸ் டொக்டர்," என்றாள் கிளாரிஸ் கடைசியில். "அந்த நாளில எங்கட வீட்டுக்கு வந்தால் உங்களுக்கு ஒரு நீலப்பூக் கோப்பையில கொக்கோ தாறனான், ஞாபகமிருக்கோ?"

"மறப்பனே? அங்க இருந்ததுக்குள்ள வடிவானது அதுதான். எனக்கெண்டே வச்சிருந்தனீங்கள், வேற ஒருத்தரையும் தொட விடமாட்டியள்."

கிளாரிஸ் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். "ஞானஸ்நானம் எடுக்காத ஆக்கள் வாய் வச்சதில எங்கட வீட்டில ஒருத்தரும் குடிக்கக் கூடாதெண்டு அம்மா சொல்லி வச்சிருந்தவ, அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் நான் இண்டைக்கு ரெண்டு ரெயில் மாறி வந்தனான்."