மூன்றாவது பைக்

“அப்பா, சும்மா நிக்காதீங்க. இன்ஜின் மேல கை வச்சுப் பாருங்க, சூடா இருக்கா?”

மோகன்ராஜ் பயந்துகொண்டே தொட்டார். “இல்லம்மா. சில்லுன்னு இருக்கு.”

“அதான் வேணும். நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சுக் கோளாறை மறைக்கல.” அனுப்பிரியா பொத்தேரி வெயிலையும் பொருட்படுத்தாமல் மண்டியிட்டு, பைக்கின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தாள். பைக்கின் சொந்தக்காரன் சக்திவேல், இஸ்திரி போட்ட சட்டையில் பரீட்சை எழுத வந்தவன் போல நின்றிருந்தான்.

ஒரே மகள் மேல் மோகன்ராஜுக்குக் கொள்ளைப் பிரியம். மேடு பள்ளம், சேறு சகதி எல்லாம் ஏறி இறங்கும் பைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வேண்டும் என்று ஒரு வருடமாக அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது வரும்வரை வீட்டில் வேறு எந்தப் பேச்சையும் எடுக்கக் கூடாது என்று கட்டளை வேறு. முதலில் தாம்தூம் என்று குதித்தவர், திடீரென்று ஒருநாள், “நானே தேடித் தர்றேன்” என்று களத்தில் இறங்கிவிட்டார்.

மேடவாக்கத்தில் பார்த்த பைக்கில் முன்பக்கம் எண்ணெய் கசிந்தது. ராஜகீழ்ப்பாக்கத்துப் பையன், “இது லேடீஸுக்கு வெயிட்டுங்க” என்று வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டான். இரண்டு வீட்டிலும் டிபன் சாப்பிட்டுவிட்டு, “போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று கிளம்பி வந்ததுதான் மிச்சம். “இந்தத் தடவையாவது நல்லபடியா முடிச்சுக்கிட்டு வாங்க” என்று மனைவி சந்திரிகா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். இதுவும் தட்டிப்போனால் அவள் முகத்தில் விழிக்க முடியாது.

“கீழ விழுந்திருக்கீங்களா?” என்று கேட்டாள் அனுப்பிரியா.

“விழாம எப்படிங்க? ஏரிக்கரையில நாலஞ்சு தடவை. ஹேண்டில்பார் ஓரத்துல கீறல் இருக்கு பாருங்க” என்றான் சக்திவேல்.

மோகன்ராஜ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இப்படியா உண்மையைப் போட்டு உடைப்பது?

“அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?”

சக்திவேல் மோகன்ராஜைப் பார்த்தான். மோகன்ராஜ் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அது... வீட்டுல சொன்னாங்க” என்றான் அவன்.

“விலை?”

“முதல்ல ஓட்டிப் பாருங்க. விலையை அப்புறம் பேசிக்கலாம்.”

உள்ளேயிருந்து அவன் அம்மா அங்காளம்மாள் எட்டிப் பார்த்தாள். “வெயில்ல இன்னாத்துக்கும்மா நின்னுகினு கீற? உள்ள வா கண்ணு, டிபன் ஆறிப்போவுது!”

“ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன் ஆன்ட்டி!”

ஏரிக்கரைக்குப் போனார்கள். சீட் உயரம், கால் விரல்கள்தான் தரையில் பட்டன. அனுப்பிரியா சளைக்கவில்லை. கிளப்பிக்கொண்டு மண்மேட்டில் பாதி ஏறியவள், சறுக்கிச் சேற்றில் பொத்தென்று விழுந்தாள்.

“ஐயோ, பாப்பா!” என்று அலறினார் மோகன்ராஜ். அவர் வேட்டியை மடித்துக் கட்டுவதற்குள் சக்திவேல் அங்கே போய்விட்டான். பைக் ஒரு பக்கம் சக்கரம் சுற்றிக்கொண்டே கிடந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கை கால் ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க பைக்...”

“அது கிடக்கட்டும்ங்க.”

அவ்வளவுதான், இனி இவனும் புத்தி சொல்லப் போகிறான் என்று மோகன்ராஜ் நினைத்தார். சக்திவேல் பைக்கைத் தூக்கி நிறுத்தினான். அதே மேட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

“இன்னொரு தடவை போங்க. வந்துடும்.”

வந்துவிட்டது. மேட்டின் உச்சியில் நின்று அனுப்பிரியா இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள். சக்திவேலும் மேலே ஏறிப் போனான். இரண்டு பேரும் அங்கேயே நின்று வெகுநேரம் பேசினார்கள். கீழே நின்றவருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. விலையில் முட்டிக்கொள்கிறார்களோ என்று மேட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்காளம்மாளின் டிபனை ஒரு வழியாக முடித்துக்கொண்டு, அப்பாவும் மகளும் காரில் கிளம்பினார்கள். ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் வண்டி நின்றபோது மோகன்ராஜ் மெல்ல வாயைத் திறந்தார்.

“என்னம்மா, புடிச்சிருக்கா?”

“அந்த பைக்கை வாங்க வேணாம்ப்பா.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏம்மா? இதுல என்ன குறை கண்டுபிடிச்ச?”

“ஒரு குறையும் இல்ல.” அனுப்பிரியா காய்ந்த சேற்றை முழங்கையிலிருந்து உரித்தபடி சிரித்தாள். “மேடவாக்கத்துல கேசரி, பஜ்ஜி. ராஜகீழ்ப்பாக்கத்துல கேசரி, பஜ்ஜி. இங்கயும் அதே கேசரி, பஜ்ஜி. பழைய பைக் பார்க்க வர்றவங்களுக்கு எந்த ஊர்லப்பா இதெல்லாம் குடுக்கிறாங்க? பைக் வச்சிருக்கிற மாப்பிள்ளையா வலை போட்டுத் தேடினீங்களாக்கும்!”

மோகன்ராஜ் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அது அவர் காதில் விழவே இல்லை.

“அம்மாவுக்கு போன் போட்டு, முடிஞ்சுதுன்னு சொல்லுங்க” என்றாள் மகள். “ஏரிக்கரையிலயே நாங்க பேசிட்டோம்ப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த பைக் சனிக்கிழமை எனக்கு, ஞாயித்துக்கிழமை அவருக்கு!”