அறுபதில் நிற்கும் கோடு

மதியம் மூன்று இருபது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு லேப்டாப்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று தம்பியுடையது. திரை கறுத்துக் கிடக்கும் மற்றது அக்காவுடையது. நாலு வருஷமாக அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை அதற்குள்தான் இருக்கிறது. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். நேற்று அதில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கையில், நின்றுபோய்விட்டது என்று நினைத்துப் பாதியில் பட்டனை அமுக்கியவன் தம்பி. நடுவே வெள்ளை கேபிள்; அதன் வழியாகத்தான் தன் லேப்டாப்பிலிருந்து அதை எழுப்பப் பார்க்கிறான். அவன் திரையில் நீலக் கோடு ஒன்று ஊர்ந்து போய், அறுபது சதவீதத்தில் நின்று, சிவப்பாகிறது. இது நாலாவது தடவை. ஜன்னல் வெயில் அக்காவின் கீபோர்டில் விழுகிறது. எழுத்துத் தேய்ந்த பொத்தான்கள் மட்டும் பளபளக்கின்றன. ஃப்ரிட்ஜ் உறுமி அடங்குகிறது. "கட்டுரைய வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலயாக்கா?" "எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்னு சொன்ன மகராசன் யாருடா?" தம்பி பிடரியைத் தேய்க்கிறான். "இன்னும் ஒரே வழிதான் இருக்கு. ஆனா அது உள்ள இருக்கறத மொத்தமா அழிச்சிட்டுத்தான் மெஷின எழுப்பும்." அந்தப் பட்டன் அவன் திரையின் ஓரத்தில் தயாராக இருக்கிறது. அம்புக்குறி அதன் பக்கம் போய்விடாமல் விரலை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொள்கிறான்.  அக்கா குனிந்து, கறுத்த லேப்டாப்பின் அடியில் உள்ளங்கையை நுழைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறாள். "சூடா இருக்கேடா," என்கிறாள். "அப்ப உயிரு இருக்குல்ல?" தம்பி கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகுகிறான்.